கேட்பு, வசூல், நிலுவை

மார்ச் எனக்குச் செருப்பு தேயும் மாதம்.
களியக்காவிளையில் தமிழ் போர்டு முடிகிற இடம்வரை
ஆயிரத்து நானூற்றுப் பதினொரு கதவுகள் என் கணக்கில்.
பில் கலெக்டரைக் கண்டால்
இந்த ஊர் நாய்கள் குரைப்பதில்லை,
எழுந்து வேறு நிழலுக்குப் போய்விடும்.

நேசபாய் அண்டி ஆபீஸிலிருந்து வந்து
கால்கூடக் கழுவாமல் எண்ணிவைத்தாள்:
சொத்து வரி இருநூற்றுத் தொண்ணூறு,
நூலக வரி இருபத்தொன்பது.
"லைப்ரரி தொறந்தா சொல்லணும் சாரே,
நான் குடுத்த காசுல என்ன பொஸ்தகம் வாங்கினாவன்னு
ஒருநாள் போய்ப் பாக்கணும்."
நூலகர் ஓய்வு பெற்று மூன்று வருடம்.
நாற்காலியும் அவரோடு ஓய்வு பெற்றுவிட்டது.
ரசீது கிழித்தேன்.
முந்திரிப்பால் தின்ற அவள் விரலின் கறுப்பு
ஓரத்தில் ஒட்டிக்கொண்டது,
அலுவலக முத்திரையைவிடத் தெளிவாக.

சிக்கன நடவடிக்கை என்று ஒரு தாள் வந்தது.
இரவு நர்ஸ் ஏழாவது வரியில் போனாள்.
கடைசி டவுன் பஸ் ஒன்பதாவது வரியில்.
எட்டாவது வரி என்ன என்று யாருக்கும் புரியவில்லை,
ஆனாலும் அதையும் குறைத்துவிட்டோம்.
ஆறு மணிக்குமேல் நம் ஆஸ்பத்திரி
ஒரு பூட்டு, ஒரு ட்யூப்லைட், நிறைய ஈசல்.

அதனால்தான் நேசபாயின் மகள் பெனிலாவுக்கு
ராத்திரி பன்னிரண்டரைக்கு வலி வந்தபோது
ஆட்டோ பாறசாலைக்குத் திரும்பியது.
நாலே கிலோமீட்டர். வேறு மாநிலம்.
வழியில் மலை நின்றுகொண்டிருந்தது.
உடைத்து, அரைத்து, தார்ப்பாய் மூடி,
பதினாறு பதினாறு சக்கரங்களில்
செக்போஸ்டுக்கு வரிசையில் நிற்கும் நம் மலை.
பாஸில் மூன்று யூனிட், வண்டியில் ஆறு.
மிச்ச மூன்றுக்கு வரி இல்லை,
இருட்டுக்கு ஏது வரி?

இரண்டு லாரிகளுக்கு நடுவே
ஆட்டோவின் பின்சீட்டில் பிறந்தது குழந்தை.
பின்னால் நின்றவன் ஹாரனை விடவில்லை.
விஷயம் தெரிந்ததும் விட்டான்,
இறங்கிவந்து தண்ணீர் பாட்டிலும் ஒரு கைலியும் கொடுத்தான்.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை,
கல் அவனுடையதல்ல.

பதிவேட்டில் 'பிறந்த இடம்' என்று ஒரு கட்டம்.
பாறசாலையில், இங்கே பிறக்கவில்லை என்றார்கள்.
நம்மூரில், ஆஸ்பத்திரி சீட்டு எங்கே என்றார்கள்.
நான் எழுதினேன்: நெடுஞ்சாலை, லாரி வரிசை.
செயல் அலுவலர் அடித்தார்.
கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அன்று ராத்திரி, அந்தச் சிக்கனத் தாளின் பின்பக்கம்
ஒரு கணக்குப் போட்டேன்.
ஒரு ராத்திரிக்கு இருநூறு வண்டி.
வண்டிக்குப் பத்து ரூபாய், டிரைவர் குடிக்கும் டீக்காசு.
மாதம் அறுபதாயிரம்.
ஒரு நர்ஸ்.
இருபது ரூபாய் என்றால் பஸ்ஸுக்கு டீசலும்.
காலையில் நீட்டினேன்.
"வசூல் பண்ணச் சொன்னா
வரி போட ஆரம்பிச்சிட்டீரே" என்றார்.
சிரித்தார். நானும் சிரித்தேன்,
சம்பளம் வாங்குகிறவன் சிரிக்கிற அளவுக்கு.

பிறகு பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
குவாரிக்காரர் வீடு, கதவு எண் 6/218:
'ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகை.'
ஆண்டு வரி நூற்றுநாற்பது.
நேசபாய் கட்டுவதில் பாதிகூட இல்லை.
என் கையெழுத்துதான் அது.
எந்த வருடக் கிறிஸ்துமஸ் கேக்குக்கு எழுதினேன் என்பது
எனக்கு நினைவிருக்கிறது.

அலுவலக டேப் பதினைந்து மீட்டர். போதாது.
கடையில் ஐம்பது மீட்டர் வாங்கினேன், சொந்தக் காசு.
அதற்கும் பதினெட்டு சதவீதம் பிடித்தார்கள்,
கேள்வி கேட்காமல், பாக்கி வைக்காமல்.

கேட்டில் காவல்காரன் மறித்தான்.
"கொட்டகையை அளக்கணும்" என்றேன்.
"ரப்பர் ஷீட் காயப்போடுற கொட்டகை."
கொஞ்சம் யோசித்தான்,
அண்ணாந்து பார்த்தான்,
பிறகு மரியாதையாகத்தான் கேட்டான்:
"எத்தனாவது மாடி சார்?"